கொழும்புக்குப் போகாதவள்

2024 பெப்ரவரி 12, திங்கள்

மாங்குளம் பால் சேகரிப்பு நிலையத்தில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோய், நிசாந்தினி அழாத குறையாகப் போன் எடுத்தாள். அங்கே அவள்தான் பொறுப்பாளர், கைக்குழந்தைக்காரி. கிளிநொச்சியிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பால் தப்பியது.

திரும்பி வந்தால் பால் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் ஒரே கலகலப்பு. பரமேஸ்வரன் அண்ணை ஏப்ரலோடு ஓய்வு பெறுகிறார். எல்லோருக்கும் முன்னால், "எனக்குப் பிறகு பொது முகாமையாளர் சிவரூபிதான். நிர்வாகக் குழுவுக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். என் பெயரைக் கேட்டதும் எனக்கு வேர்த்துவிட்டது. சந்தோசத்தில்தான்.

பெப்ரவரி 15

எங்கள் பாலை வாங்கும் கொழும்புக் கொம்பனியோடு விலை பேசும் கூட்டம். வழக்கம்போல அண்ணையும், எனக்குக் கீழ் வேலை செய்யும் பிரதீபனும் இரவு பஸ்ஸில் போகிறார்கள். கணக்கெல்லாம் நான் போட்டுக் கொடுத்தது. உதவி முகாமையாளர் என்று பெயருக்கா இருக்கிறேன்?

"நானும் வரட்டோ அண்ணை?"

"உனக்கேன் பிள்ளை இந்த அலைச்சல்? தனிய நிண்டு பிள்ளை வளர்க்கிற ஆள். நிம்மதியா வீட்டை இரு."

முள்ளிவாய்க்கால் போரில் என் கணவர் இல்லாமல் போனதிலிருந்து என்னைத் தாங்கிப் பிடிக்கிற மனிதர் அண்ணை. நன்றி கெட்டவள் ஆகக்கூடாது. ஆனால் மகன் வளர்ந்து பல்கலைக்கழகம் போய்விட்டானே. அது அண்ணைக்கு மறந்துவிட்டதா, எனக்கே மறந்துவிட்டதா?

மார்ச் 7

நாளை சிவராத்திரி என்பதால் மகளிர் தின விழாவை இன்றே வைத்துவிட்டோம். சங்கத் தலைவர் அப்புத்துரை ஐயா அண்ணையைப் புகழ்ந்து தள்ளினார். பால் நிலையங்களுக்குப் பெண்களைப் பொறுப்பாகப் போட்டவர் அண்ணைதான். ஆம்பிளையள் முறுகியபோது, "வேலை தெரிஞ்ச ஆள் ஆரெண்டு பாருங்கோ" என்று வாயை அடைத்தவரும் அவர்தான். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எனக்குச் சேலை பரிசு. சாம்பல் நிறம், விதவைக்கென்று பார்த்து எடுத்ததுபோல. கட்டப்போவதில்லை.

மார்ச் 20

பொது முகாமையாளர் பதவிக்கு நேர்முகம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"கொம்பனிக்காரரோட நேர இருந்து விலை கதைச்சிருக்கிறியளோ தங்கச்சி?" - அப்புத்துரை ஐயா.

"கணக்கு முழுக்க நான்தான் ஐயா..."

"அது தெரியும். கதைச்சிருக்கிறியளோ?"

இல்லை என்றேன். அங்கே யாரையாவது தெரியுமா என்றார். அதற்கும் இல்லை. அண்ணையும் குழுவோடுதான் இருந்தார். தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 21

ஒன்றும் ஓடவில்லை.

ஏப்ரல் 2

பிரதீபனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவன் கெட்டவனில்லை. "நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாதக்கா" என்றான். ஏலாதுதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வந்தார். "உன்னைக் கஷ்டப்படுத்தக்கூடாதெண்டுதானே பிள்ளை..." கண் கலங்கிவிட்டது அவருக்கு. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, நான் அவரை ஆறுதல்படுத்தி அனுப்பினேன். நான்!

அவர் போன பிறகு குசினிக்குள்ள, அடுப்படியில இருந்து அழுதன். ஏன் அண்ணை? இவ்வளவு தூரம் ஏத்திவிட்டியள், அந்த ஒரு பஸ்ஸில மட்டும் ஏன் ஏத்தேல்ல? கூடாத மனுசன் எண்டால் வாய்விட்டுத் திட்டலாம். நல்ல மனுசனை என்னெண்டு திட்டுறது? நானும்தான் - ஒருக்கா மறுத்தவுடனே ஏன் பேசாமல் இருந்தன்?

ஏப்ரல் 30

அண்ணைக்குப் பிரியாவிடை. பேசச் சொன்னார்கள். நன்றி சொன்னேன், மனதாரத்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 17

மறுபடி விலைப் பேச்சு. பிரதீபனின் மனைவிக்குப் பிரசவம், அவன் ஆஸ்பத்திரியில். "சுமனை அனுப்புங்கோ அக்கா" என்றான். சுமன் வேலைக்குச் சேர்ந்தே வருடமாகவில்லை. ஆம்பிளை என்பதுதான் தகுதி.

நானே போகலாம். ஆசையும் இருந்தது. ஆனால் இனிப் போய் எனக்கு என்ன ஆகப்போகிறது? நிசாந்தினிக்கு வயதிருக்கிறது. அவளைப் போகச் சொன்னேன்.

"பிள்ளை சின்னன் அக்கா..."

பாவம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "உன்ர அம்மா பிள்ளையைப் பார்ப்பாதானே. போ."

ஜூன் 18

அண்ணையின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. போனில் பொரிந்தார். "ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தனிய இரவு பஸ்ஸில ஏத்திறியோ? உனக்கு இரக்கமெண்டு ஒண்டு இல்லையோ?"

"சாப்பிட்டியளோ அண்ணை?" என்றேன். வேறு என்ன கேட்பது?

ஜூன் 19

காலையில் நிசாந்தினி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, கொம்பனி வாசலில நிக்கிறன். உள்ளுக்க போய் முதல் ஆரோட கதைக்கிறது? எங்கட ஆக்கள் மேசையில எந்தப் பக்கம் இருக்கிறது?"

அவர்கள் எந்த விலையில் தொடங்குவார்கள், எதில் இறங்குவார்கள் - எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த மேசையை நான் கண்டதில்லை.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "நீ பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு."