யாருமில்லாத வளைவில்

மார்ச் 4

அன்புச் சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். உயிரோடுதான் இருக்கிறேன், பயப்படாதே. உனக்கு ஒரு செய்தி: பிறப்பதற்கு முன்னால் நீ குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இனிமேல் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு அங்கே திரும்பிப் போய்விடலாம் என்று நினைக்காதே. இடமில்லை.

இதை எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சிரித்தால் தையல் இழுக்கிறது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். படுக்கையிலிருந்து எழுவதென்றால் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, அதற்குள் எதற்காக எழுந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. இத்தனை நாள் இஸ்திரி மேஜை முன்னால் காலையிலிருந்து நின்றே பழகிய உடம்பு. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுதான். எதிர் வீட்டுத் தையல்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "விட்டுச்சு தொல்லை! இனிமே மாசாமாசம் அந்த அவஸ்தை இல்ல. உனக்கென்ன, மகாராணி மாதிரி படுத்திரு" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து, ரத்தம் கொட்டிக் கொட்டி நான் வெளுத்துப்போனதை அவள்தானே பார்த்தாள். ஆனாலும் அவள் எழுந்து போனதும் அழுகை வந்துவிடுகிறது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கனமான எதையும் தூக்கக் கூடாதாம். இஸ்திரிப் பெட்டி கூடாது, வாளி கூடாது. அதனால் உன் அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் மேஜை முன்னால் நிற்கிறார். பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பெட்டியைப் பிடிக்கிறார். பேங்க் அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் காலரைக் கருக்கிவிட்டார். அவர் கத்தினதற்கு இவர், "டை கட்டினா தெரியாது சார்" என்று சொல்லியிருக்கிறார். முப்பது வருஷமாக நான் சேர்த்த பெயர் இப்படிப் போகிறது.

உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அடுத்த வீட்டு போனில் சொன்னாய். சரி. கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆறிவிடும்.

இன்னொன்று. உன் அப்பாவோடு நான் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே பேசுவதில்லை. காரணம் கேட்காதே.

அம்மா

மார்ச் 16

அன்பு அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். வீட்டை இடித்த கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். அவரிடம் மறுபடியும் லீவு கேட்டுப் பார்த்தேன். "கல்யாண சீசன்ல எல்லாருக்கும் கண்ணு தெரியாம போயிடுது, இப்ப எப்படி விடுறது?" என்றார். நீயாவது அவரைத் திட்டு, என்னால் திட்டக்கூட முடியவில்லை.

அம்மா, நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. எங்கள் கடைக்கு வருகிற ஒரு டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காரணமே இல்லாமல் அழுகை வருவது சகஜமாம். தையல்காரி சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம் உன்னைப் படுத்தி எடுத்தது போய்த் தொலைந்தது என்று நினைத்துக்கொள். நான் வந்தாயிற்று, வளர்ந்தாயிற்று, வேலைக்கும் போயாயிற்று. இனிமேல் அது எதுக்கும்மா உனக்கு? காலி வீட்டுக்கு எத்தனை நாள்தான் வாடகை கொடுப்பது?

அப்பா விஷயம். "காரணம் கேட்காதே" என்று நீ எழுதினால், கேள் என்று சொல்கிறாய். அது எனக்குத் தெரியாதா? கேட்கிறேன், சொல். பாவம் அந்த மனுஷன், காலரைக் கருக்கினதற்கா இவ்வளவு தண்டனை?

வெந்நீர் குடி. படி ஏறாதே.

உன் சின்னவள்

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

"இனிமேல் அது எதுக்கும்மா?" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன்மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது. தெரியாத பிள்ளையிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது?

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் எல்லாம் விசாரித்தாள். வயசு, சர்க்கரை உண்டா, மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள், "குழந்தைங்க எத்தனைம்மா?" என்றாள். நான் "ரெண்டு" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உன் அப்பா, "ஒண்ணுதாங்க. பயத்துல ஏதோ சொல்றா" என்றார். அவள் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பயத்தில் சொல்லவில்லை. ரெண்டுதான். உனக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.

மாதம் நிறைந்து வந்தவன். கடைசி வரைக்கும் உதைத்தான், துணி தேய்க்கும்போது மேஜை விளிம்பில் வயிறு பட்டால் போதும், உள்ளிருந்து ஒரு உதை விடுவான். பிறக்கும்போது எனக்கு நினைவில்லை. காய்ச்சலும் மயக்கமுமாகக் கிடந்தேன். கண் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. அழுகிற சத்தமும் இல்லை. உன் அப்பாவும் அவரோடு வேலை பார்த்த கண்டக்டரும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்கோ பால் சுரந்து கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லாத பால், சின்னவளே. அந்த வலிக்கு இந்தத் தையல் வலி கால் தூசி.

"எங்கே வச்சீங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம், விடு" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்போது விட்டுவிட்டேன். பிறகு நீ வந்தாய். அப்புறம் அந்தப் பேச்சே இந்த வீட்டில் கிடையாது. உன்னை மட்டும் நான் சின்னவள் என்றே கூப்பிட்டேன். ஒத்தைப் பிள்ளைக்கு இது என்ன பேர் என்று ஊரே கேட்டது, நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது ஆபரேஷன் முடிந்ததும், எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்து உன் அப்பாவிடம் காட்டினார்களாம். அப்படித்தான் வழக்கமாம். நான் மயக்கத்தில் கிடந்தேன். பார், இரண்டு தடவையும் நான் மயக்கத்தில். இரண்டு தடவையும் பார்த்தது அவர். பார்த்தவர் வந்து ஒரு வார்த்தை சொன்னாரா? "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார், அவ்வளவுதான்.

நீ இருந்தது அங்கே மட்டுமா? மடியில் இருந்தாய், தொட்டிலில் இருந்தாய், இப்போது ஏதோ ஒரு ஊரில் கண்ணாடி தேய்த்துக்கொண்டு இருக்கிறாய். அவன் உயிரோடு இருந்தது அங்கே மட்டும்தான். அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது, சட்டை கிடையாது. அவன் இருந்த ஒரே இடமும் போய்விட்டது. காலி வீடு என்று எழுதினாயே, எனக்கு அது காலியாகவே இருந்ததில்லை.

அவனை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அது மட்டும் போதும். ஆனால் நான் வாய் திறந்து கேட்க மாட்டேன். ஒன்று என்று சொன்ன மனுஷனிடம் எப்படிக் கேட்பது? நீயும் கேட்காதே.

அம்மா

ஏப்ரல் 17

அம்மா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன். காலி வீடு என்று எழுதின கையை என்ன செய்தால் தகும்? பின்னறையில் அழுதேன். கண்ணில் தூசி என்று சொன்னேன், கண்ணாடிக் கடையில் அதை யார் நம்புவார்கள்?

எனக்கு ஒரு அண்ணன். இந்த வயதில் வந்து தெரிகிறது. என்னைவிடப் பெரியவன் என்று நினைத்தால் தைரியமாக இருக்கிறது, அடுத்த நிமிஷமே அவன் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

ஒன்று சொல்கிறேன். எனக்கு நிச்சயமில்லை. தப்பாக இருந்தால் மன்னித்துவிடு.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போவாரே, நினைவிருக்கிறதா? அவர் பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு ஓரத்து சீட்டில் உட்கார வைப்பார். அந்தக் கல்குவாரி ரூட்டில், பழைய செங்கல் சூளை தாண்டி, இடிந்த மதில் ஒன்று வரும். அங்கே ஒரு வளைவு. ஆள் நடமாட்டமே இருக்காது, எதிரே வண்டியும் வராது. ஆனாலும் அப்பா அங்கே ஹாரன் அடிப்பார். போகும்போதும் அடிப்பார், வரும்போதும் அடிப்பார். மெதுவாக, இரண்டு தரம். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

"யாருக்குப்பா அடிக்கிற?" என்று கேட்டேன். "வளைவு இருக்குல்ல" என்றார். அதைவிட மோசமான வளைவுகள் அந்த ரோட்டில் எத்தனையோ உண்டு, அம்மா. அங்கெல்லாம் சும்மா ஒடித்துத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

நல்ல ரூட் கொடுத்தபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார், நீ "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று தலையில் அடித்துக்கொள்வாய். எல்லோரும் தட்டிக் கழிக்கிற ரூட்டை இவர் மட்டும் ஏன் கட்டி அழுகிறார் என்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

வேறொன்றும் எனக்குத் தெரியாது. டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்ன பிறகு, ஒரு நாள் அவர் பஸ்ஸில் போய் உட்கார். ஒன்றும் கேட்காதே. அந்த வளைவு வரைக்கும் போ.

உன் சின்னவள்

ஜூன் 9

என் சின்னவளுக்கு,

டாக்டர் தையல் வடுவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி நடக்கலாம், போகலாம், வரலாம்" என்று சொல்லிவிட்டார். நேற்று போனேன்.

டிப்போவில் உன் அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நீ சொன்ன அந்த ஓரத்து சீட்டில், தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எங்க போற? குலுங்குமே" என்றார். நான் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். கண்டக்டர் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் உன் அப்பா ஓட்டினது பஸ்ஸா, தண்ணீர் தளும்பாமல் எடுத்துப்போகிற குடமா என்று தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று நின்று இறக்கினார். பின்னால் இருந்தவர்கள், "என்ன டிரைவரே, நடந்தே போயிருக்கலாம் போலிருக்கே" என்று சத்தம் போட்டார்கள்.

சூளை தாண்டியது. வளைவு வந்தது. அவர் கை ஹாரனுக்குப் போனது. போன கை அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, சின்னவளே.

"அடிங்க" என்றேன். இத்தனை நாள் கழித்து அவரிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். அவர் அடித்தார். நீ எழுதினது போலவேதான், மெதுவாக, இரண்டு தரம். அப்புறம் ஸ்டாப் இல்லாத அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். கண்டக்டர் விசில் ஊதவில்லை. யாரும் சத்தமும் போடவில்லை.

மதில் இப்போது இல்லை. கம்பி வேலி போட்டு லாரி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். "எங்க?" என்று கேட்டேன். "அதோ, அந்தப் பச்சை லாரி நிக்குதே, அதுக்கு அடியில. முன்னாடி ஒரு மரம் இருந்துச்சு" என்றார். நான் பார்த்தேன். சக்கரமும் எண்ணெய்க் கறையும் செம்மண்ணும்தான் தெரிந்தது. எத்தனை வருஷம் அவர் காக்கிச் சட்டையிலிருந்து அந்தச் செம்மண்ணைத் திட்டிக்கொண்டே துவைத்திருக்கிறேன். அவன் இருக்கிற இடத்து மண்ணைத்தான் அலசி அலசிச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். பெற்றவளுக்கே தெரியவில்லை பார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வழக்கம் போல அவர் மேஜை முன்னால் நின்றார். நான் கட்டிலில் படுத்திருந்தேன். "ஆஸ்பத்திரியில ஏன் ஒண்ணுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "ரெண்டுன்னு சொன்னா, இன்னொண்ணு எங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார். இவரைத்தான் பிழைக்கத் தெரியாதவர் என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

"எப்படி இருந்தான்?" என்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரே சட்டைக் கையை, திரும்பத் திரும்ப. "முடி நெறைய இருந்துச்சு. சுருட்டை. உன்ன மாதிரி" என்றார். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. துணி கருகுகிற வாசனை வந்தது. யாருடைய சட்டையோ, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் இன்னும் அழுகிறேன். வயிற்றுக்குள் ஒரு வெறுமை இருக்கிறது, அது தையல் ஆறினாலும் ஆறாது போலிருக்கிறது. ஆனால் இப்போது அழும்போது பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாதக் கடைசியோடு அவருக்கு வேலை முடிகிறது. அந்த வளைவில் ஹாரன் அடிக்கப் புது டிரைவரிடம் சொல்லி வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம், அவனுக்கு எதுக்கு?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் முதலாளி காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு அதற்குள் வந்துவிடு. உனக்கு அந்த ஓரத்து சீட்டைப் போட்டு வைக்கிறேன். உன் அப்பா ஹாரன் அடிக்கும்போது உன் அண்ணன் இருக்கிற பக்கம் நீயும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடு.

அம்மா