முத்துநாயகம் அச்சகத்தின் எழுத்து அட்டவணை

தக்கலை
3 ஆகஸ்ட் 2025

திரு. எபிசன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம் என்றுதான் தொடங்க வேண்டும். உங்களுக்கு எழுதும்போது அது கையில் வரவில்லை. நாம் பிரிந்த பதினாலு வருஷத்தில் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் சலுகை கேட்கவில்லை, எங்கள் சொத்தைக் கேட்கிறேன்.

அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை, 1868 முதல் உள்ளதை, அவர் பிரஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு வருஷம் தட்டச்சு செய்தார். ஒக்கிப் புயலில் கோயில் ஓடு பறந்து பழைய புத்தகங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அப்பா அடித்த கோப்புகள் மட்டும்தான் மிச்சம். திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. மார்த்தாண்டத்துப் பிரஸ்காரர்கள் நம் கோப்புகளைத் திறந்துவிடக் கூடாதென்று கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்குள்ள எண்களைக் கலைத்துப் போட்டு ஒரு எழுத்துரு செய்தீர்களே, அதனால் வந்த வினை. அந்த எழுத்துருவையும் மஸ்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நெட்டில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகள் எதுவும் வேலைக்காகவில்லை.

செப்டம்பர் 14 கோயில் அசன விருந்தன்று பதிவேட்டை யூனிகோடில் ஒப்படைத்தால் அப்பா படத்தைக் கோயில் கூடத்தில் வைப்பதாகச் செயலர் செல்வதாஸ் அண்ணன் சொல்லியிருக்கிறார். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையை அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்கு நீங்கள் செய்த காரியத்துக்கு இதையாவது செய்யலாம்.

ஜெனிலா முத்துநாயகம்

மஸ்கட்
7 ஆகஸ்ட் 2025

ஜெனிலா,

எங்கள் சொத்தாம். ஆறு மாதம் கண்ணைக் கெடுத்து அந்த எழுத்துருவைச் செய்தவன் நான். உன் அப்பா பெயர்ப்பலகை மட்டும்தான் மாட்டினார்.

யாருக்காக நான் உதவ வேண்டும்? கடியப்பட்டணத்தில் எனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக எவனோ எழுதிய மொட்டைக் கடிதத்தைக் கோயிலில் வைத்து வாசித்து, திருவிருந்துக்கு வராதே என்று தள்ளிய சபைக்கா? கட்டின பெண்டாட்டி உனக்கு விசா எடுத்து, கையோடு கூட்டிப்போக வந்த லீவு அது. உன் வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி, நான் அப்பிடிச் செய்வேனா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் நீ உன் அப்பா முகத்தைப் பார்த்தாய்.

அட்டவணை தரமாட்டேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்தானே, நீயே செய். 2008 அசன நோட்டீஸின் அச்சுப் பிரதியும் கோப்பும் பூட்டிக் கிடக்கும் பிரஸ்ஸில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு ஒன்றாக, இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் யூனிகோடு எண் என்று எழுது. அட்டவணை செய்யும் கருவி ஒன்று நெட்டில் சும்மா கிடைக்கும், கருப்புத் திரையில் கட்டளை கொடுத்தால் அது இதை மாற்று அட்டவணையாக ஆக்கிவிடும். தப்பிருந்தால் எந்த வரி என்று சொல்லும். உன் அப்பாவைப் போல ஆள் பார்த்துப் பேசாது.

எபிசன்

தக்கலை
19 ஆகஸ்ட் 2025

எபிசன் அவர்களுக்கு,

நூற்று நாற்பத்தேழு வரி எழுதிவிட்டேன். கருவி ஏழு தடவை திட்டியது, எட்டாவது தடவை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் எழுத்தை விட்டு முன்னால் தனியாக நிற்கின்றன. முதல் பக்கத்தில் ஒரு பெயரையும் முழுசாக வாசிக்க முடியவில்லை.

உங்கள் பழைய புராணத்தை நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் கடியப்பட்டணத்தில் நீங்கள் பெட்டி இறக்கி வைத்ததாக ஒரு வீட்டு நடைவரை எழுதியிருந்ததே, சும்மா எழுதுவார்களா? அன்றைக்கு அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னார். "அவன் பேச்ச விடு மக்கா. நான் இருக்கேம்லா." சொன்னபடி இருந்தார். நீங்கள்தான் இல்லை.

கொம்புக்கு வழி சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

ஜெனிலா முத்துநாயகம்

மஸ்கட்
22 ஆகஸ்ட் 2025

ஜெனிலா,

நம் எழுத்துருவில் கொம்பை முதலில் அடிப்போம். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். ஆகவே கொம்பும் எழுத்தும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வரி எழுத வேண்டும். துணைக்காலும் கூட வந்தால் அதற்கும் தனி வரி. நூற்றைம்பது வரி கூடும், உட்கார்ந்து எழுது.

பதிவேட்டுக் கோப்புகளை மட்டும் மாற்று. பிரஸ் கம்ப்யூட்டரின் வட்டில் உள்ள மற்றவை வாடிக்கையாளர்களின் சமாச்சாரம். தொடாதே.

எபிசன்

தக்கலை
30 ஆகஸ்ட் 2025

எபிசன் அவர்களுக்கு,

தொடாதே என்று சொன்னதால்தான் தொட்டேன். உங்கள் அழுக்கு அங்கேதான் கிடக்கும், அதை அசனத்தன்று சபை நடுவில் வாசிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். மொத்த வட்டையும் ஒரே கட்டளையில் மாற்றினேன். நானூற்றுப் பன்னிரண்டு கோப்பு.

அப்பாவின் கோப்புறையில் அந்த மொட்டைக் கடிதம் இருக்கிறது. மூன்று வரைவு. மூன்றும் 2011 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடித்தவை. ஞாயிற்றுக்கிழமை பிரஸ் பூட்டியிருக்கும், சாவி அப்பாவிடம் மட்டும்தான் இருக்கும். முதல் வரைவில் "என் மகளின் வாழ்வைக் கெடுத்தவன்" என்றிருக்கிறது. இரண்டாவதில் அந்த வரியே இல்லை. மூன்றாவதில் "முத்துநாயகம் ஐயாவின் மகளின் வாழ்வைக் கெடுத்தவன்" என்று மாற்றியிருக்கிறார். கோயிலில் வாசித்தது அதைத்தான். முதல் வரைவின் அடியில், "இவளும் மஸ்கட் போய்விட்டால் எனக்கு யார்" என்று ஒரு வரி அடித்து அப்படியே விட்டிருக்கிறார்.

என் அட்டவணையில்தான் தப்பு என்று நினைத்து ஒவ்வொரு வரியாக மறுபடி பார்த்தேன். தப்பில்லை.

படுக்கையில் கிடந்தவருக்கு ஒன்பது வருஷம் கஞ்சி ஊட்டி, பீயும் மூத்திரமும் அள்ளினேன். எழுதியது அப்பா என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் தொடாதே என்றீர்கள். எப்போது தெரியும்? அவர் உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் அவரிடமே கேட்டிருப்பேனே. இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஜெனிலா

மஸ்கட்
2 செப்டம்பர் 2025

ஜெனிலா,

2012-ல் பிரஸ்ஸை மூடியபோது என் சாமான்களை எடுக்க வந்தேன் அல்லவா, அப்போது வட்டை நகலெடுத்தேன். இங்கே வந்து திறந்தபோது தெரிந்தது. 2014-ல் அச்செடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன், சபை பார்க்க அவர் முகத்தில் எறிய. அந்த வாரம்தான் அவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நீ கேட்டாய், "எதுக்கு வந்திய? செத்தாச்சான்னு பாக்கவா?" காகிதத்தைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

உன்மேல் இரக்கப்பட்டு மறைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முதலில் நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பிறகு அது ருசித்துவிட்டது. உன்னை ஏமாற்றிய ஆளுக்கே நீ கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாய், அது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை லீவில் தனியாக உட்கார்ந்து தின்னும்போது அதை நினைத்தால்தான் சோறு இறங்கும். நீ கண்டுபிடித்துவிட்டால் என்னிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் தொடாதே என்றேன்.

அட்டவணையை இணைத்திருக்கிறேன். இனி அது எனக்கு எதற்கு.

எபிசன்

தக்கலை
15 செப்டம்பர் 2025

எபிசன் அவர்களுக்கு,

உங்கள் அட்டவணை தேவைப்படவில்லை, என்னுடையதே சரியாக இருந்தது. பதிவேட்டை ஒப்படைத்துவிட்டேன். ஆறாயிரத்துச் சொச்சம் பெயர், ஒன்றும் விடவில்லை.

நேற்று அசனப் பந்திக்கு முன்னால் செல்வதாஸ் அண்ணன் அப்பா படத்தின் துணியை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. மைக்கை வாங்கி மூன்று வரைவையும் வாசித்தேன். "எழுதினது எங்க அப்பா. எபிசன் ஒண்ணும் செய்யல்ல. அவரு மூணு தடவ சொல்லியும் நம்பாதது நான்" என்று சொன்னேன். அப்புறம் சோறு பரிமாறத் தொடங்கினார்கள். உங்கள் மேல் போட்ட விலக்கை நீக்கித் தீர்மானம் எழுதப் போகிறார்கள், நகல் உங்களுக்கு வரும்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாட்டவும் மனசில்லை, தூக்கி எறியவும் மனசில்லை.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன். அன்றைக்கு வாசலில் உங்கள் முகத்தைப் பார்க்காதது என் தப்பு. அப்பா செய்தது பெரிய பாவம், ஆனாலும் பயத்தில் செய்தார் என்று எனக்குப் புரிகிறது. இத்தனை வருஷம் நீங்கள் என்னைச் சோற்றோடு பிசைந்து தின்றதுதான் புரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், புரிந்துகொள்ள இஷ்டமும் இல்லை.

இனி நீங்கள் ஊருக்கு வரலாம். என் வீட்டுக்கு வர வேண்டாம்.

ஜெனிலா