மாப்பிள்ளை எலியை யாரும் சோதிக்கவில்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மருமகளும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே எங்களுக்குப் பொழுது விடிகிறது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. கூடத்து மின்விசிறியை ஒருவழியாக மாற்றினேன், பழையது போட்ட சத்தத்திலேயே தூங்கிப் பழகியதால் இப்போது இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை.

நான் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது கேள். ஓர் ஆண் எலிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன், அவ்வளவு பளபளப்பு, அவ்வளவு மிடுக்கு. ஜோடி சேர்த்தும் குட்டி இல்லையே என்று பெண் எலியை மாற்றினேன், அடுத்ததும் போடவில்லை, அதையும் மாற்றினேன். மூன்றாவதும் சும்மா இருக்கவே, இந்தப் பெண் எலிகளே சரியில்லை என்று ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவிடம் புகார் சொல்லப் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எந்த எலிக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்வதில்லை, குறையே மாப்பிள்ளையிடம்தானாம். விந்தணு வளரும்போது விரைக்குள் அதை ஊட்டி வளர்க்கும் தாதிச் செல்களை ஒட்டிக்கொண்டுதான் முதிருமாம், அப்படி ஒட்டவைக்க ஒரு புரதம் உண்டாம். மாப்பிள்ளைக்குப் பிறவியிலேயே அது இல்லாதபடி செய்திருக்கிறார்கள். முற்றும் முன்னே காம்பு விட்ட பிஞ்சு மாதிரி எல்லாம் உதிர்ந்துவிடுகிறதாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "மூணு பொண்ணை மாத்தினீங்களே, அந்த மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தீங்களா?" என்றாள். அவள் எலியைப் பற்றிப் பேசவில்லை என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, சுருக்கென்றது எனக்கு.

கோபப்படாதேடா. குழந்தை இல்லையென்று ஊசி, ஸ்கேன், இப்போது அடுத்த மாதம் ஆபரேஷன் என்று எல்லாம் மருமகள் உடம்பிலேயே நடக்கிறது, நீ ஒரு தடவைகூடப் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லையாமே. உனக்குக் குறை என்று நான் சொல்லவில்லை, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், ஆண்பிள்ளைத்தனம் எங்கேயும் ஓடிவிடாது. ஆபீஸ் வேலை, லீவு இல்லை என்றெல்லாம் என்னிடம் கதை விடாதே, கிரிக்கெட் பார்க்க லீவு போட்டவன்தானே நீ.

நேற்று மருமகளுக்கு நானே போன் போட்டேன். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிவைம்மா, முதலில் அவன் போய்வரட்டும் என்றேன். "அவர் ஒத்துக்குவாரா மாமா?" என்று கேட்டாள், அழுதுகொண்டுதான் கேட்டாள். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா, கட்டாயம் போவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் கொடுத்த வாக்கு, அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே.

இரண்டு பேரும் எந்தக் குறையுமின்றிச் சிரித்த முகமாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே, பரிசோதனை முடிவு எதுவானாலும் முதலில் அவளிடம் சொல். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

என்றும் உன் நினைவாக,
அப்பா