மணக்கிற மாத்திரை

மாமா, எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்று காலை ஒடுகத்தூர் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு ஒழுங்கில்லைங்க" என்றார். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எழுபத்தாறாம் வருசத்திலேயே சொன்னதை அவர் இப்போதுதான் கண்டுபிடிக்கிறார். சிரித்துக்கொண்டே மாத்திரையை வாங்கி அங்கேயே வாயில் போட்டேன். கசப்பு தொண்டை வரை இறங்கியது. உடனே உங்கள் ஞாபகம்தான்.

எழுபத்தாறில் வேலூரில் உங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். தினம் மாத்திரை, பீடி கூடாது, மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நீங்களோ வீட்டுக்கு வந்து பாயில் படுத்தவர் படுத்தவர்தான். சாமை முற்றி நின்றது. உங்கள் மகளுக்கு மலையடியில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தான். "நடந்தா வழியிலயே நின்னுபூடும்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பேசி முடிக்கப் போக மறுத்தீர்கள். அக்கா அடுப்பைக்கூடச் சத்தமில்லாமல் ஊதினாள்.

அப்போதுதான் நான் சொன்னேன்: "எனக்கும் அதேதான் மாமா. பத்து வருசமா கீது. யாருக்கும் சொல்லல."

மறுநாளே எழுந்து உட்கார்ந்தீர்கள். அதன் பிறகு தினமும் காலையில் இருவரும் சேர்ந்துதான் மாத்திரை போட்டோம்.

"இன்னா மச்சான், உன்னுது மட்டும் மணக்குது?"

பெரிய டாக்டர் எனக்கென்றே கப்பலில் வரவழைத்தது என்றேன்.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு இறங்கினோம். மலைப்பாதையில் பதினேழு வளைவு. ஒவ்வொன்றிலும் எனக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும். உங்களையும் பக்கத்தில் உட்கார வைப்பேன். ஒரு புளியமரத்தடியில் என் மணிக்கட்டைப் பிடித்து நெடுநேரம் பார்த்தீர்கள். எனக்கு வியர்த்துவிட்டது.

"அடப்பாவி, என்னுதவிட மோசமா கீது. நீ இங்கயே குந்து, நான் போய்ப் பேசிட்டு வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தீர்கள்.

கல்யாணத்தில் நீங்கள் ஆடியதைப் பார்க்க ஏழு ஊர் சனம் கூடியது. சரி, மூன்று ஊர். அதற்குப் பிறகும் பன்னிரண்டு சாமை அறுப்பு பார்த்தீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல், நெஞ்சு அல்ல.

இன்று மலை ஏறும்போது ஒரு வளைவையும் விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தேன். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டே உட்கார்ந்தேன்.

ஒன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என் நெஞ்சுக்கு ஒன்றுமே இல்லை, மாமா. தினமும் நான் போட்டது பெப்பர்மின்ட் மிட்டாய். என் மணிக்கட்டில் நீங்கள் என்னத்தைக் கண்டீர்களோ, தெரியாது. ஆனால் நிஜ மாத்திரை இவ்வளவு கசக்கும் என்று, எதிரே உட்கார்ந்து தின்ற எனக்கு நீங்கள் ஒரு நாள்கூட முகத்தைச் சுளித்துக் காட்டவில்லையே.