ஹோம் பிளேட்டிலை நிண்டனான்

டோர்செட் பார்க், ஸ்காபரோ, கனடா
12.8.1996

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நல்ல சுகம். கொழும்பிலை நீங்களும் எங்கடை பிள்ளை சுபாங்கியும் எப்பிடி இருக்கிறியள்? பிள்ளைக்கு இருமல் விட்டிட்டுதோ?

ஒரு புதினம், பயப்படாமல் வாசியுங்கோ. நேற்று எங்கடை ஃபாக்ரறிப் பெம்பிளையள் பக்கத்து ஃபாக்ரறியோடை பேஸ்போல் விளையாடினனாங்கள். ஓடிவாறவை கடைசியா மிதிக்கிற ஹோம் பிளேட்டைக் காக்க என்னை விட்டினம். பந்து கையிலை இல்லாமல் நான் வழியை மறிக்கக் கூடாது. பந்து இருந்தால், ஓடிவாறவ என்னை இடிச்சு விழுத்தக் கூடாது. சறுக்கி வரவேணும், இல்லாட்டி விலத்தவேணும். பிளேட்டை மிதிக்க முதல் பந்தோடை நான் தொட்டால் அவ அவுட். அதுதான் சட்டம்.

கடைசி ஆளா வாட்டசாட்டமான ஒரு பெம்பிளை பறந்து வந்தா. நான் விலத்தி நிண்டு, பந்தைப் பிடிச்ச பிறகுதான் குறுக்கை போனனான். அவ நேரை வந்து இடிச்சா. இரண்டு பேரும் விழுந்தம். பந்தை நான் விடேல்லை.

"வழியை மறிச்சவ!" எண்டு அவவின்ரை ஆக்கள் சத்தம் போட்டினம். வேலையிலை 'யெஸ்', 'நோ'வுக்கு மேலை வாய் திறக்காத நான், எழும்பி அம்பயருக்கு இங்கிலிஷிலை சொன்னன்: "முதல்லை பந்தைப் பிடிச்சனான். பிறகுதான் வழிக்கு வந்தனான்." அவர் கையை உயர்த்தி, "அவுட்!" எண்டார். வெண்டிட்டம், அத்தான்! எங்கடை ஆக்கள் என்னைத் தூக்கிக்கொண்டு சுத்திச்சினம்.

தோள் கொஞ்சம் கண்டிப்போச்சு, அவ்வளவுதான். ஆரும் இஞ்சை வந்தால் நோவெண்ணெய் ஒரு போத்தில் குடுத்துவிடுங்கோ. பிள்ளையின்ரை குரலை ஒரு கசெற்றிலை பிடிச்சும் அனுப்புங்கோ. என்ன கதைச்சாலும் பரவாயில்லை, சண்டை பிடிச்சாலும் சரி.

பஸ் வரப்போகுது. அம்மா இங்கிலிஷிலை வழக்குப் பேசி வெண்டவ எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ. விழுந்ததைச் சொல்ல வேண்டாம்.

உங்கடை
பவளராணி