பலகைக்கு அடியில் தண்ணீர்

மார்ச் 11, லங்காவி

ஏசி வந்துவிட்டது. சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி, என் இடுப்பு உயரம். நாங்கள் குடியிருக்கும் படகுக்குள் ஐந்து படி இறக்குவதற்குள் பக்கத்துப் படகு ஊவேவுக்கும் எனக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. என் கணவன் டெஸ் படுத்தபடி கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். என்ன செய்வான், இன்றும் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவனுடைய நரம்பு நோய்க்கு வெயில் ஆகாது. உடம்பு சூடேறினால் முதலில் கால் போகும், பிறகு பேச்சு குழறும்.

ஊவே மேல் ஜன்னலுக்கு அளவாகப் பலகை அறுத்து, சூட்டுக் காற்றுக் குழாயை அதன் வழியே வெளியே விட்டான். "ஓட்டல் ரூம் ஆக்கிட்டீங்க. துண்டை அன்னப்பறவை மாதிரி மடிச்சு வைக்கட்டுமா?" என்றான்.

நாலு மணிக்கு உள்ளே இருபத்தாறு டிகிரி. ஐந்து மணிக்கு டெஸ் தானாக எழுந்து நின்று டீ போட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மார்ச் 14

பெட்டி நாளுக்கு ஒரு வாளித் தண்ணீர் வடிக்கிறது. டெஸ் யோசனைப்படி அதைத் தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் விட்டோம். அங்கிருந்து பம்ப் கடலுக்குத் தள்ளிவிடும்.

பதினெட்டு வருஷமாக, பெட்ரல் என்று கடல்பறவைப் பேர் வைத்த இந்தப் படகில், விடிந்ததும் முதல் வேலை அந்தப் பள்ளம்தான். டெஸ் பலகையைத் தூக்கி, விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்ப்பான். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். நல்ல தண்ணி என்றால் மழையோ தொட்டிக் கசிவோ, பயமில்லை. இப்போது அவனால் மண்டி போட முடியாது, அதனால் நான். படுக்கையிலிருந்து கேட்பான்: "என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி."

அப்புறம்தான் டீ.

ஏப்ரல் 2

படகுத்துறை ஆபீசில் கக் ரொஹானி, அதாவது ரொஹானி அக்கா, சிரிக்கிறாள். "பேருக்குத்தான் பாய்மரப் படகு மேடம். உங்க நங்கூரம் எங்க ப்ளக் பாயிண்ட்லதான் கிடக்கு லா!"

நானும் சிரித்தேன். டெஸ்ஸிடம் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி. எங்கள் பேட்டரியில் இந்தப் பெட்டி பத்து நிமிஷம்கூட ஓடாது. படகுத்துறை வயரைக் கழற்றினால் ஏசி இல்லை, ஏசி இல்லையென்றால் டெஸ்ஸால் நிற்க முடியாது. அவனோ டிசம்பரில் தாய்லாந்துத் தீவுகளுக்குப் போகலாம் என்று வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்திருக்கிறான். ஒரே ஒரு தடவையாம். "நீ சுக்கானைப் பிடி. நான் திட்டிக்கிட்டே வர்றேன்."

மே 19

மழை. இரண்டு பேரும் போர்வைக்குள். லங்காவியில், போர்வை!

ஜூலை 23

உப்பு.

மூன்று தடவை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புத்தான்.

"என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 9

பதினெட்டாவது நாள் பொய். முப்பத்தொரு வருஷக் கல்யாணத்தில் இப்படி விடிந்ததும் ஒரு பொய் சொன்னதில்லை.

டெஸ் தூங்கும்போது ஊவேவுக்கு டார்ச் அடித்துக் காட்டினேன். இன்ஜின் தண்டு வெளியே போகிற துளையில் கசிகிறது என்றான் ஊவே. தண்ணீரில் வைத்துச் சரிசெய்ய முடியாதாம், கிரேனால் கரைக்குத் தூக்க வேண்டுமாம்.

"டெஸ்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பம்ப் நின்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். ஆனால் கரையில் படகு முட்டுக்கட்டைமேல் நிற்கும், ஏற மூன்று மீட்டர் ஏணி. டெஸ் முன்பே சொல்லியிருக்கிறான்: "ஒரு தடவை இறங்கினா நான் திரும்ப ஏற மாட்டேன், லோர்னா. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்." அந்த ஏணியை அவன் முன்னால் நானே எப்படிக் கொண்டுபோய் வைப்பேன்? இன்னும் கொஞ்ச நாள். டிசம்பர் வரைக்குமாவது.

செப்டம்பர் 5

நேற்றுக் காலைப் புயலில் படகுத்துறைக்குக் கரண்ட் போனது. இன்னும் வரவில்லை. ஏசி ஊமையாக நிற்கிறது. உள்ளே முப்பத்தாறு. டெஸ்மேல் ஈரத் துண்டு போட்டு, சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்தேன். அது பேட்டரியில் ஓடுகிறது. பம்ப்பும் பேட்டரியில்தான்.

பம்ப் ஓடியது. நின்றது. அரைமணியில் மறுபடி ஓடியது. டெஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

நாக்கு குழறியது, ஆனாலும் புரிந்தது. "லோர்னா. ஏசி நேத்திலேருந்து ஓடல, மழையும் இல்ல. பம்ப் எதைத் தள்ளுது? என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி" என்றேன். ஐயோ, வேறு என்ன சொல்வது?

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பிறகு, "சரி" என்றான்.

செப்டம்பர் 6

கரண்ட் வந்தது. பேச்சு தெளியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்: "படகைத் தூக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"எனக்காக பெட்ரல் முழுகக் கூடாது."

இன்று காலை தண்ணீரைப் பற்றி அவன் கேட்கவில்லை.

செப்டம்பர் 17

நாலு பேர் நாற்காலியோடு தூக்கி அவனைப் படகுத்துறையில் இறக்கினார்கள். கக் ரொஹானி குடை பிடித்தாள், இன்று எந்தக் கேலியும் இல்லை. கிரேன் வார்களில் பெட்ரல் மேலே எழும்பியபோது அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் படகைப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி, கைமுஷ்டி கனம். எங்கும் போகாமல் நின்ற படகு.

அக்டோபர் 28

விற்றாயிற்று. பெல்ஜியத்திலிருந்து வந்த இளம் ஜோடி. துளையைச் சரிசெய்து, சிப்பி சுரண்டி, அடிக்குப் பெயிண்ட்டும் அடித்துவிட்டார்கள். ஏசியை மட்டும் படகுத்துறையில் இறக்கி வைத்தார்கள். "நாங்க நங்கூரம் போட்டு காத்துல தூங்கிக்கிறோம்" என்றாள் அந்தப் பெண். அவள்மேல் கோபம் வந்தது. அவள் என்ன தப்பு செய்தாள்?

ஊவே அந்தப் பெட்டியைக் குவா டவுனில் நாங்கள் எடுத்திருக்கும் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பழைய ஜன்னல் பலகையையும் கொண்டுவந்திருந்தான். அறுத்து இந்த ஜன்னலுக்குப் பொருத்தினான்.

டிசம்பர் 12

பெட்ரல் காலையில் தாய்லாந்துத் தீவுகளுக்குக் கிளம்பிவிட்டது என்று ஊவே போன் செய்தான். டெஸ்ஸிடம் சொன்னேன்.

"காத்து எந்தப் பக்கம்?"

"வடகிழக்கு."

"நல்ல காத்து" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏசிக் குழாய் நழுவித் தரையெல்லாம் தண்ணீர். துடைக்கக் குனிந்தவள், துணியை வைத்துவிட்டு விரலை நனைத்து நாக்கில் வைத்திருக்கிறேன். வீட்டுத் தரையில்! நிமிர்ந்தால் அவன் இந்தப் பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றுதான் கேட்டான்: "என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி."

முன்பெல்லாம் அதோடு முடிந்துவிடும். இன்று கையை நீட்டி, "கொண்டா" என்றான். விரலை மறுபடி நனைத்து அவன் உதட்டில் வைத்தேன். நிதானமாகச் சுவைத்துப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "நல்ல தண்ணிதான்."

விரலை விடவில்லை. பிறகு நான் போய் டீ போட்டேன்.