நேர்காணலில் ஏழு மணி நேரம் இருந்தும் ‘வரவில்லை’ எனப் பதிவானது

அனுப்புநர்:
பதிவு எண் 4417,
முன்னாள் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்,
இரண்டாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
வேலைவாய்ப்பு அலுவலர் அவர்கள்,
வேலைவாய்ப்பு அலுவலகம்.

பொருள்: மருந்து விநியோக நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் நடந்தவை – என் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றிருப்பதைத் திருத்தவும், குளிர் தவறிய மருந்துப் பெட்டிகளைத் தடுத்து நிறுத்தவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நேற்று மாலை எனக்குக் கிடைத்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினொரு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். மருத்துவமனை மூடப்பட்டு ஒன்பது மாதங்களாகிறது. தங்கள் அலுவலகப் பரிந்துரையின் பேரில், கடந்த மாதம் மேற்படி நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பாளர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றேன். ஆனால் நான் செல்லவே இல்லை என்றும், இன்னொரு முறை இப்படி நடந்தால் என் பதிவு நீக்கப்படும் என்றும் நேற்று வந்த கடிதம் கூறுகிறது. அதை என் கணவர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு, “அன்னைக்கு நீ எங்கதான் போயிருந்த?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார் என்றாலும், தாங்கள் அனுப்பிய ஒரு தாள் ஒரு குடும்பத்தில் எதுவரை போகும் என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

2. நேர்காணல் காலை பத்து மணிக்கு. நான் 9.35-க்கே வாயிலில் கையெழுத்திட்டேன். அந்த ஏடு காவலாளியிடம் உள்ளது; யாரும் இன்னும் கிழிக்கவில்லை என்று நம்புகிறேன். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, நேர்காணல் இன்றைக்கா என்று என்னிடமே விசாரித்தார். ஆமாம் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

3. பதினொன்றரைக்கு அந்தப் பெண், பல் வலிக்கிறது, ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. பதினான்கு அழைப்புகளுக்குப் பதில் சொன்னேன். அவற்றில் மூன்று, உள்ளே அமர்ந்திருந்த மேலாளர் அவர்கள் தேநீர் வந்ததா என்று கேட்டவை. மூன்றாம் முறை, “நீங்க புதுசா? பரவாயில்ல, நல்லா பேசறீங்க” என்று பாராட்டினார். அன்று என் தகுதியைப் பற்றி அந்த நிறுவனம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான் என்பதால் குறிப்பிடுகிறேன்.

4. 1.50-க்கு உள்ளே அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருவர். ஒருவர் மேலாளர். மற்றவர் யாரென்று யாரும் சொல்லவில்லை, இளைஞர், என் சான்றிதழ்களை ஒன்று விடாமல் படித்து, சிலவற்றைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். இவ்வளவு அக்கறையான அதிகாரியா என்று மனம் குளிர்ந்தேன். மேலாளர் என் அனுபவச் சான்றின் மேல் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினார். வீட்டில் சமையல் யார்? கணவர் வேலைக்கு விடுவாரா? விடுவார், காலையில் என் செருப்பைத் துடைத்து வைத்ததே அவர்தான் என்றேன். அப்படியானால் அவருக்கு வேலை இல்லையா என்றார். அவர் பேருந்து ஓட்டுநர், சர்க்கரை நோயால் இப்போது பணிமனையில் இருக்கிறார் என்று விளக்கினேன். இனி குழந்தை பெறும் உத்தேசம் உண்டா என்பது அடுத்த கேள்வி. எனக்கு வயது நாற்பத்தாறு. மூத்த மகள் செவிலியர் படிப்பை முடிக்கப்போகிறாள். இதைச் சொன்னபோது இளைஞர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். மருந்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

5. பின்னர் ‘செய்முறைத் தேர்வு’ என்று குளிர் அறைக்கு அழைத்துச் சென்றார்கள். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய அறை அது. உள்ளே நுழைந்ததுமே முகத்தில் சில்லென்று படவில்லை. வெப்பமானியில் இருபத்து மூன்று. சுவரில் தொங்கிய பதிவுத் தாளில் ஐந்து, ஐந்து, ஐந்து என்று அழகான கையெழுத்து. அப்போது மணி இரண்டரை. மாலை ஆறு மணிக்கும் ஐந்து டிகிரி என்று எழுதி முடித்திருந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டியபோது மேலாளர், “இங்க வேலை பாக்கணும்னா சிலதைப் பாக்காம இருக்கக் கத்துக்கணும்” என்றார்.

6. கதவின் ரப்பர் கிழிந்து காற்று போய்க்கொண்டிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அறுபத்திரண்டு பெட்டிகளைக் குளிர் சரியாக இருந்த பக்கத்து அறைக்கு மாற்றினோம். நாங்கள் என்றால் நானும் அந்த இளைஞரும். மேலாளர் வாசலில் நின்று எண்ணினார். அவை இன்சுலின் பெட்டிகள். என் கணவர் தினம் இரண்டு வேளை வயிற்றில் குத்திக்கொள்ளும் அதே மருந்து. எத்தனை நாளாக அவை அந்தச் சூட்டில் கிடந்தன என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எனவே ஒவ்வொரு பெட்டியிலும் ‘குளிர் தவறியது, வெளியே அனுப்பக் கூடாது’ என்று பட்டைப் பேனாவால் எழுதிவிட்டேன். மேலாளர் அவர்களின் முகம் அப்போதுதான் முதன்முறையாக என் பக்கம் முழுதாகத் திரும்பியது. “உங்களை இன்னும் வேலைக்கே எடுக்கல. எழுதச் சொன்னது யாரு?” என்றார்.

“எடுக்கலன்னா வேலையை விட்டுத் தூக்கவும் முடியாதுங்களே” என்றேன். இது மரியாதைக் குறைவு என்று தாங்கள் கருதினால் வருந்துகிறேன். மாலை 4.30-க்கு வெளியேறினேன்.

7. தங்கள் கடிதம் கிடைத்த கையோடு அந்நிறுவனத்திற்குத் தொலைபேசினேன். எடுத்தவர் புதிய கிடங்குப் பொறுப்பாளர். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது: மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த அதே இளைஞர். அவர் அதிகாரி அல்ல. என்னைப் போலவே விண்ணப்பதாரர். மேலாளரின் மனைவியுடைய தம்பி என்பதால் நாற்காலி மட்டும் முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தது. போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை என்று காட்டத்தான் நான் ‘வராதவள்’ ஆக்கப்பட்டேன் என்பதை அவரே தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். பிறகு, “அக்கா, கதவு ரப்பர் எங்க கிடைக்கும்னு சொன்னீங்க?” என்று கேட்டார். சொன்னேன். கேட்டவர் பொறுப்பாளராயிற்றே.

8. பெட்டிகள் என்னவாயின என்று கேட்டேன். “புது அட்டைல மாத்திப் போட்டு வெள்ளிக்கிழமை அனுப்பிடுன்னு அத்தான் சொல்லிட்டார். நான் இன்னும் மாத்தலக்கா. கை வரல” என்றார். இந்த மனு முழுவதிலும் நான் கோபப்பட முடியாத ஒரே மனிதர் அவர். பெரியவர்கள் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தவர். ஆனால் அட்டையை மாற்றவில்லை. அவர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

9. ஆகவே ஐயா, அந்தப் பணி எனக்கு வேண்டாம். வாயில் ஏட்டைப் பார்வையிட்டு ‘வரவில்லை’ என்ற சொல்லை நீக்குங்கள்; அதற்கு ஒரு மாதம் ஆனாலும் பொறுத்துக்கொள்வேன். பெட்டிகள் ஒரு மாதம் பொறுக்காது. மருந்து ஆய்வாளருக்கு இன்றே தகவல் தந்து வெள்ளிக்கிழமைக்கு முன் அவரையோ அவருக்குப் பதிலாக ஒருவரையோ அங்கே அனுப்பி வையுங்கள். அவர் அலுவலகத்திலும் இதன் நகல் கொடுத்துவிட்டேன்; அவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். எனவேதான் தங்கள் கதவைத் தட்டுகிறேன்.

இதற்கிடையில், பக்கத்து அறையைப் பூட்டிவிட்டு, யார் கேட்டாலும் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லும்படி அந்தப் பொறுப்பாளரிடம் கூறியிருக்கிறேன். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது; வெள்ளி வரைதான் தாங்குவார்.

தங்கள் பதிலுக்காக வெளி பெஞ்சில் அமர்ந்திருக்கும்,

(கையொப்பம்)
பதிவு எண் 4417

நாள்: புதன்கிழமை, முற்பகல் 11.10
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

இணைப்பு: அனுபவச் சான்று, தேநீர்க் கறையுடன் – ஒன்று.